பூங்கா வாயில் எப்போது திறந்திருக்க வேண்டும்? வெயில் நகரமான அகமதாபாத் காட்டும் வழி

அகமதாபாத்: குஜராத்தில் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாதத்தின் முற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நீடிக்கிறது. அகமதாபாத் நகரில் வெயில் உச்சத்தைத் தொடுவதும் அதே வாரங்களில்தான். ஓடியாட வேண்டும் என்று குழந்தைகள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நாட்களும், அவர்களை வெளியே அனுப்பப் பெற்றோர் அஞ்சும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

குளிர்சாதன வசதி உள்ள குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்கு சார்ந்த சிக்கல் மட்டுமே. தகரக் கூரையின் கீழ் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்களுக்கோ இது உடல்நலம் சார்ந்த சிக்கல். நண்பகலுக்குப் பின் அந்த அறையின் வெப்பம் வெளியிலுள்ள மர நிழலைவிட அதிகமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அருகிலுள்ள பூங்கா திறந்திருக்கிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா என்பது சிறிய செய்தியன்று.

வெப்பத்தைப் பேரிடராகக் கருதித் திட்டம் வகுத்த முதல் இந்திய நகரம் அகமதாபாத். வெயில் நகரத்தில் குடும்பங்கள் எங்கே, எப்போது வெளியே செல்வது பாதுகாப்பானது, அதில் பூங்காக்களுக்கு என்ன பங்கு என்பதை அந்நகரின் அனுபவத்தைக் கொண்டு இத்தொகுப்பில் காணலாம்.

2010 மே மாதத்தில் நடந்தது என்ன?

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தில் கடுமையான வெப்ப அலை வீசியது. மே 21 அன்று வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த மாதத்தில் நகரில் பதிவான இறப்புகளை, 2009 மற்றும் 2011-ஆம் ஆண்டுகளின் மே மாத இறப்புகளுடன் ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டனர். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக உயிரிழந்திருந்தது தெரியவந்தது. இது ஏறத்தாழ 43 விழுக்காடு அதிகம்.

இந்த இறப்புகளில் பெரும்பாலானவை அக்காலத்தில் வெப்பத்தின் கணக்கில் எழுதப்படவில்லை. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, காய்ச்சல் எனப் பல பெயர்களில் அவை பதிவாகியிருந்தன. வெப்பம் ஓசையின்றிக் கொல்லும் பேரிடர் என்பதை நகர நிர்வாகம் உணர்ந்தது அதன் பிறகே.

அதே கோடையில் நகரின் பொது மருத்துவமனை ஒன்றில் கவனிக்கத்தக்க ஒன்று நிகழ்ந்தது. வெப்பத்தால் பாதிக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள் அதிக எண்ணிக்கையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டனர். மகப்பேற்றுப் பிரிவு கட்டடத்தின் மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர்க் கீழே இருந்தது. பின்னர் அப்பிரிவு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டபோது இத்தகைய பாதிப்புகள் குறைந்தன. புதிய மருந்தோ கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. குழந்தைகள் இருந்த இடம் மாறியதே போதுமானதாக இருந்தது.

பூங்காவைப் பற்றிய சிந்தனைக்கும் இதுவே அடிப்படை. வெப்பத்திலிருந்து காப்பதில், ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது பெரும் பங்கு வகிக்கிறது.

செயல் திட்டம் எவ்வாறு இயங்குகிறது?

அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளுடன் இணைந்து 2013-ஆம் ஆண்டில் வெப்பச் செயல் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே இத்தகைய முதல் திட்டம் இதுவாகும். பின்னர் இந்தியாவின் பல நகரங்களும் மாநிலங்களும் இதனை முன்மாதிரியாகக் கொண்டன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகளைத் தவிர்த்திருக்கக்கூடும் என மதிப்பிட்டது.

திட்டத்தின் மையம் வண்ண எச்சரிக்கை முறை. முன்னறிவிக்கப்படும் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43 டிகிரியைத் தாண்டினால் ஆரஞ்சு, 45 டிகிரியை எட்டினால் சிவப்பு என எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் உரிய பணிகள் மருத்துவமனைகள், அவசர ஊர்திச் சேவை, குடிநீர்த் துறை, பள்ளிகள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பிரித்தளிக்கப்பட்டுள்ளன.

பொதுமக்கள் இளைப்பாறக்கூடிய குளிர்ந்த இடங்களையும் நிழற்பகுதிகளையும் திறந்துவிடுவது அப்பணிகளில் ஒன்று. இதன் தொடர்ச்சியாகவே, கோடைக்காலத்தில் பூங்காக்களைப் பகல் முழுவதும், இரவிலும் நீண்ட நேரம் திறந்து வைக்கும் அறிவிப்புகளை மாநகராட்சி வெளியிட்டு வந்துள்ளது.

இது எளிய அறிவிப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவின் பல மாநகரங்களில் பூங்காக்கள் காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் மட்டுமே திறக்கப்படுகின்றன. பராமரிப்புப் பணி, காவலர்களின் பணி நேரம், தவறான பயன்பாடு குறித்த அச்சம் ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. விளைவு, நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நகரின் அடர்ந்த நிழல் பூட்டின் பின்னால் இருக்கிறது.

நண்பகலில் வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பூங்காவைத் திறந்து வைப்பது முரண்பாடாகாதா என்ற கேள்வி எழலாம். பூங்காவுக்கு இரு வேறு பயன்கள் உள்ளன என்பதே இதற்கு விடை. காலையிலும் இரவிலும் அது விளையாடும் இடம். நண்பகலில் அது ஒதுங்கும் இடம். வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டிய அறைக்குள் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூட்டைக் கூட்டவும் கூடும். அத்தகைய அறையில் அடைந்து கிடப்பதைவிட, வேப்ப மரத்தடியில் தண்ணீருடன் அசையாமல் அமர்ந்திருப்பது பாதுகாப்பானது.

வானிலை அறிக்கை சொல்லும் 42 டிகிரி எங்கே அளக்கப்படுகிறது?

வானிலை ஆய்வு மையங்கள் வெப்பநிலையை நேரடி வெயிலில் அளப்பதில்லை. வெண்ணிறம் பூசப்பட்ட, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் வெப்பமானி வைக்கப்படுகிறது. எனவே 42 டிகிரி என்பது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. வெயிலில் நடப்பவரின் உடல், இதற்கு மேலாகச் சூரியனின் நேரடிக் கதிர்வீச்சையும் தரையிலிருந்து எழும் அனலையும் சேர்த்தே தாங்க வேண்டியுள்ளது.

தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடச் சூடானது. தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தையும், தள்ளுவண்டியில் தாழ்வாகப் படுத்திருக்கும் குழந்தையும் ஒரே சாலையில் சென்றாலும் ஒரே வெப்பத்தை உணர்வதில்லை. வெயில் படாதிருக்கத் தள்ளுவண்டியைத் துணியால் முழுமையாக மூடுவது காற்றோட்டத்தைத் தடுத்து உள்ளே வெப்பத்தைப் பெருக்கும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளிகளில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் அதிகரித்தால் அது வெப்ப அலை. இயல்பு எதுவாக இருப்பினும் 45 டிகிரியை எட்டினால் வெப்ப அலை, 47 டிகிரியை எட்டினால் கடும் வெப்ப அலை. கடலோரப் பகுதிகளுக்கு 40 டிகிரிக்குப் பதிலாக 37 டிகிரி அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. சென்னை போன்ற நகரங்களில் காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாமல் தடுப்பதால், குறைந்த வெப்பநிலையிலும் உடல் திணறுகிறது.

அகமதாபாத்தின் ஏப்ரல், மே வெயில் வறண்டது. வியர்வை சுரந்தவுடன் காய்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதே தெரிவதில்லை. ஜூன் மாதத்தில் பருவமழைக்கு முன்பாக ஈரப்பதம் உயரும்போது நிலைமை மாறுகிறது. வெப்பமானி சில டிகிரி குறைவாகக் காட்டினாலும், அதே ஓட்டமும் ஆட்டமும் குழந்தைக்கு முன்னைவிடக் கடினமாகின்றன.

கடிகாரத்தின் நண்பகலும் சூரியனின் நண்பகலும்

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் நடைமுறையில் உள்ளது. அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. அகமதாபாத் அதற்கு வெகு மேற்கே, 72.6 டிகிரியில் அமைந்துள்ளது. ஆகவே அங்கு மே மாதத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ 12.36 எனக் காட்டும். சென்னையில் அதே நாளில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.05 மணிக்கு.

இந்த அரை மணி நேர வேறுபாடு அன்றாட வாழ்வில் முக்கியமானது. மே மாத நடுவில் அகமதாபாத்தில் சூரியன் காலை 6 மணியளவில் உதித்து, இரவு 7.10 மணிக்குப் பிறகே மறைகிறது. சென்னையின் பழக்கத்தில் மாலை 5 மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது என எண்ணிக் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்றால், அங்கு சூரியன் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் இருக்கும்.

காற்றின் வெப்பம் உச்சத்தை எட்டுவது சூரியன் உச்சியில் இருக்கும்போது அன்று. தரை சூடாகி, அது காற்றைச் சூடாக்கச் சில மணி நேரம் ஆவதால், பிற்பகல் 3 முதல் 4 மணி வரையிலான நேரமே பெரும்பாலும் நாளின் மிக வெப்பமான பொழுது. மிகக் குளிர்ந்த பொழுது சூரிய உதயத்துக்குச் சற்று முன். மே மாதத்தில் அகமதாபாத்தின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 42 டிகிரி, குறைந்தபட்சம் ஏறத்தாழ 27 டிகிரி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 15 டிகிரி வேறுபாட்டை எவ்வாறு பயன்படுத்திக்கொள்வது என்பதே ஒரு குடும்பத்தின் கோடைத் திட்டமாக அமைய வேண்டும்.

இதன்படி, விளையாட்டுக்கு மிகச் சிறந்த நேரம் காலை 6 முதல் 8.30 மணி வரை. அடுத்த நிலையில் இரவு 7.30 மணிக்குப் பிந்தைய நேரம் வருகிறது. மாலை வேளையைவிடக் காலை சிறந்தது என்பதற்குக் காரணம் உண்டு. பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கிய தார்ச்சாலைகளும் சிமென்ட் சுவர்களும் அந்த வெப்பத்தைச் சூரியன் மறைந்த பிறகும் பல மணி நேரம் வெளியிடுகின்றன. நகரின் நடுப்பகுதி சுற்றியுள்ள கிராமங்களைவிட இரவில் கூடுதலாகப் புழுங்குவது இதனால்தான்.

குழந்தைகளின் உடல் விரைவில் சூடாவது ஏன்?

எடையுடன் ஒப்பிடுகையில் குழந்தைகளின் உடற்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருக்கும்போது, அந்தப் பரப்பு முழுவதும் வெப்பத்தை உள்வாங்கும் வழியாகிவிடுகிறது. ஓடும்போது ஒரு கிலோ எடைக்குக் குழந்தையின் உடல் உற்பத்தி செய்யும் வெப்பமும் அதிகம். சுரக்கும் வியர்வையோ குறைவு.

உடலியல் காரணங்களோடு நடத்தை சார்ந்த காரணமும் உள்ளது. ஆட்டத்தில் மூழ்கிய குழந்தை தாகத்தை உணர்ந்தாலும் நின்று தண்ணீர் கேட்பதில்லை. கைக்குழந்தைக்குக் கேட்கவே வழியில்லை. எனவே கேட்கும்வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை சில மிடறு நீர் கொடுத்து, நிழலில் அமரச் செய்ய வேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தண்ணீர் தேவையில்லை. வழக்கத்தைவிட அடிக்கடி தாய்ப்பால் புகட்டுவதே போதுமானது.

விளையாட்டுக் கருவிகள் மற்றோர் ஆபத்து. வெயிலில் நிற்கும் உலோகச் சறுக்குமரம், அடர்நிற ரப்பர்த் தரை, செயற்கைப் புல்தரை ஆகியவை காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடாகி, மென்மையான தோலில் தீப்புண்ணை ஏற்படுத்தக்கூடும். குழந்தையை அமர்த்தும் முன் புறங்கையை ஐந்து விநாடிகள் அதன்மீது வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. பெரியவரின் கையால் தாங்க இயலாத சூட்டில் குழந்தையை அமர்த்தக் கூடாது.

புல்வெளி கண்ணுக்கு, மரம் உடலுக்கு

வெயில் நகரில் ஒரு பூங்காவின் தரத்தை அதன் நீரூற்றுகளையும் வண்ண விளக்குகளையும் கொண்டு மதிப்பிட இயலாது. நண்பகலில் எத்தனை பேர் அமரக்கூடிய நிழல் அங்கு உள்ளது என்பதே முதல் அளவுகோல்.

மரம் இருவகையில் குளிர்ச்சி தருகிறது. சூரியக் கதிரை இலைகளால் தடுப்பது ஒன்று. வேர்கள் உறிஞ்சும் நீரை இலைகள் வழியே ஆவியாக்கிச் சுற்றுப்புற வெப்பத்தைக் குறைப்பது மற்றொன்று. மரமற்ற புல்வெளி நடைபாதைக் கல்லைவிடக் குளிர்ந்தது என்றாலும், உச்சி வெயிலில் அதன்மீது நிற்பவரின் தலைக்கு அது பாதுகாப்பு அளிப்பதில்லை.

எந்த மரம் என்பதும் முக்கியம். நெட்டையாக, ஒடுக்கமாக வளரும் நெட்டிலிங்கமும் அலங்காரப் பனை வகைகளும் வரிசையாக நின்றாலும் அவற்றின் கீழ் ஒரு குடும்பம் அமர இயலாது. வேம்பு, ஆல், அரசு, புங்கம் போன்றவை விரிந்த நிழல் தருபவை. விரைவாக வளர்ந்து பசுமையாகத் தோன்றுவதற்காகப் பல நகரங்களில் நடப்பட்ட கோனோகார்பஸ் என்ற அயல் மரத்தை, சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் தீங்கு விளைவிக்கிறது எனக் கூறி குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது.

அகமதாபாத் குடும்பங்கள் எங்கே செல்கின்றன?

நகரின் மிகப் பழைய பொதுவெளிகளில் ஒன்று காங்கரியா ஏரி. சுல்தான் குத்புதீன் காலத்தில் 1451-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஏரியின் நடுவே நகினா வாடி என்ற தீவுத் தோட்டம் உள்ளது. கரையில் உயிரியல் பூங்கா, சிறுவர் பூங்கா, குழந்தைகளுக்கான சிறு ரயில் ஆகியவை அமைந்துள்ளன. 2008-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை உருவானது. கோடையில் இங்கு அதிகாலை நடைப்பயிற்சியும் இரவு உலாவும் களைகட்டுகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 முதல் 31 வரை நடைபெறும் காங்கரியா திருவிழாவும், ஜனவரி 14 அன்று உத்தராயணத்துக்குப் பட்டம் விடுதலும் பகல் வெயிலிலும் மக்கள் மகிழ்ந்து வெளியே வரும் பருவத்துக்கு உரியவை.

சபர்மதி ஆற்றங்கரைப் பூங்காப் பகுதி இருகரைகளிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீள்கிறது. 2012 முதல் பகுதி பகுதியாக மக்களின் பயன்பாட்டுக்கு வந்த இங்கு, பாதசாரிகளுக்கான அடல் பாலம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆற்றை ஒட்டிய கீழ்த்தள நடைபாதை பெரும்பாலும் கான்கிரீட் தளம். மாலைக் காற்றுக்கு ஏற்ற இவ்விடம், நிழல் குறைவு என்பதால் கோடைப் பகலில் குழந்தைகளுக்கு உகந்ததன்று. மரங்கள் வளர்ந்த மேல்தளப் பூங்காக்களும், நகரின் பழைய பரிமள் தோட்டம், லா கார்டன் போன்றவையும் இவ்வகையில் மேலானவை.

வெப்பத்தைக் கையாளும் அறிவு இந்நகருக்குப் புதிதன்று. நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வடக்கே உள்ள அடாலஜ் படிக்கிணறு 1499-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஐந்து தளங்கள் கீழிறங்கும் இக்கட்டடத்தின் அடித்தளத்தில், கோடையிலும் மேலே இருப்பதைவிடச் சில டிகிரி குளிர்ச்சி நிலவுகிறது. நீர் எடுக்க வந்த பெண்களும் வழிப்போக்கர்களும் இளைப்பாறிச் செல்லும் பொதுவெளியாகவும் அது இருந்தது. 2017-இல் யுனெஸ்கோவால் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட பழைய அகமதாபாத்தின் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளில், எதிரெதிர் வீடுகளே தெருவுக்கு நிழல் தரும் அளவுக்குத் தெருக்கள் குறுகியவை. மாணேக் சௌக்கில் பகலில் நகைக் கடைகள் இயங்கும் இடம், இரவில் குடும்பங்கள் கூடி உண்ணும் உணவுச் சந்தையாக மாறுகிறது. பொதுவாழ்வை இரவுக்கு நகர்த்துவது அம்மக்களின் பழக்கத்தில் ஊறியது.

யாருக்கு எட்டுகிறது இந்த நிழல்?

மத்திய அரசின் நகர்ப்புற வளர்ச்சித் திட்ட வழிகாட்டுதல்கள், நகரங்களில் ஒரு நபருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றன. நெருக்கமான இந்திய நகரங்களில் பல இந்த அளவுக்கு வெகு தொலைவில் உள்ளன. இருக்கும் வெளியும் சமமாகப் பகிரப்படவில்லை.

ஆற்றங்கரைத் திட்டத்துக்காகச் சபர்மதியின் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அவர்களுள் பலருக்கு நகரின் விளிம்பில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. காங்கரியா புதுப்பிக்கப்பட்டபோது நுழைவுக் கட்டணம் கொண்டுவரப்பட்டது. கட்டணம் சிறிதாக இருப்பினும், ஐந்து பேர் கொண்ட தினக்கூலிக் குடும்பத்துக்குப் பேருந்துச் செலவுடன் சேர்த்து அது ஒரு வேளை உணவின் விலையாகக்கூடும்.

வெப்பத்தைத் தாங்க வசதியற்ற குடும்பங்களே நிழலிலிருந்து தொலைவில் உள்ளன என்பதுதான் இதன் சாரம். பெரிய பூங்கா ஒன்று நகரின் மையத்தில் இருப்பதைவிட, நடந்து செல்லும் தொலைவில் பத்து மரங்களும் ஒரு குடிநீர்க் குழாயும் உள்ள சிறு திடல் அவர்களுக்குப் பயன்தரும். வீட்டுக்குள் வெப்பத்தைக் குறைப்பதற்காக, கூரைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் குளிர்கூரைத் திட்டத்தையும் அகமதாபாத் 2017 முதல் செயல்படுத்தி வருகிறது.

பிற நகரங்களில்

டெல்லியில் ஹுமாயூன் கல்லறையை அடுத்துள்ள சுந்தர் நர்சரி, ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில் முன்னூறுக்கு மேற்பட்ட மர வகைகளுடன் சீரமைக்கப்பட்டு 2018-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குக் கட்டணம் உண்டு. அதே அளவு பரப்புள்ள லோதி பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. அதிகாலையில் அங்கு முதியவர்களும் குழந்தைகளும் ஒருசேரக் கூடுவதைக் காணலாம்.

ராஜஸ்தானின் ஜோத்பூர் வேறொரு பாடம் தருகிறது. மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் சீமைக் கருவேல மரங்கள் ஆக்கிரமித்திருந்த பாறை நிலத்தில், 2006 முதல் அவற்றை அகற்றிப் பாலைநிலத் தாவரங்களை நட்டு ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா உருவாக்கப்பட்டது. வெயில் நகரில் பூங்கா என்றால் நீரைக் குடிக்கும் புல்வெளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்த மண்ணுக்குரிய செடிகொடிகளைக் கொண்டும் அமைக்கலாம் என்பதற்கு இது சான்று.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

கோடையில் குழந்தைகளுடன் வெளியே செல்வோருக்கு மருத்துவர்களும் பேரிடர் மேலாண்மை அமைப்புகளும் கூறும் பொதுவான அறிவுரைகள் வருமாறு:

அன்றைய எச்சரிக்கை நிறத்தைக் காலையிலேயே அறிந்துகொள்ள வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் விளையாட்டைத் தவிர்த்து, தேவையெனில் நிழலில் ஓய்வு மட்டும் கொள்ளலாம்.

வெளிர்நிற, தளர்வான பருத்தி உடையும் தொப்பியும் அணிவிக்க வேண்டும். தண்ணீருடன் நீர்மோரும் எடுத்துச் செல்லலாம். குஜராத்தில் மோரும், மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ செய்யும் பானமும், சோம்பு சர்பத்தும் இதற்கெனவே வழக்கில் உள்ளன.

ஓ.ஆர்.எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். உப்பின் அளவு கூடக் கூடாது.

நிறுத்தப்பட்ட காருக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் பத்து நிமிடங்களில் ஏறத்தாழ 10 டிகிரி வரை சூடேறக்கூடும்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து நீர் கொடுக்க வேண்டும். பேச்சுத் தடுமாற்றம், குழப்பம், மயக்கம், வலிப்பு, உடல் கொதித்தல் ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகள். 108 அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் குளிர்ந்த துணி வைக்க வேண்டும். சுயநினைவு இல்லாதவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரைகள் இதற்குப் பயன்தருவதில்லை.

நகர நிர்வாகங்கள் செய்யக்கூடியது

இவையனைத்தும் குடும்பங்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை. ஆயினும் ஒரு தாய் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பூட்டிய வாயிலை அவரால் திறக்க இயலாது. நீர் வராத குழாயையும் அவரால் சரிசெய்ய இயலாது. அங்கிருந்து நகர நிர்வாகத்தின் பொறுப்பு தொடங்குகிறது.

அகமதாபாத்தின் அனுபவத்திலிருந்து பிற நகரங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறத்துடன் பூங்காவின் திறப்பு நேரத்தை இணைப்பது, காலை 6 மணிக்கு முன்பே வாயிலைத் திறப்பது, நண்பகலில் பூட்டாதிருப்பது, இரவில் பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி வந்துசெல்ல விளக்கும் காவலும் ஏற்பாடு செய்வது, குடிநீரும் கழிப்பறையும் பகல் முழுவதும் இயங்கச் செய்வது ஆகியவை நிர்வாக உத்தரவுகளாலும் பணியாளர் நேர மாற்றங்களாலும் நடைபெறக்கூடியவை.

மரங்கள் நிழல் தரும் அளவுக்கு வளர ஆண்டுகள் பல ஆகும். பூங்கா நேரத்தை மாற்றுவதற்கோ, வாயிலில் தொங்கும் அறிவிப்புப் பலகையைத் திருத்தி எழுதும் ஒரு நாளே போதும்.